எந்திரத்தின் முன் யார் நிற்பது என்பதை எச்.ஆர். மட்டும் முடிவு செய்யலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்ததிலிருந்து பொறியியல் நிறுவனங்களில் எச்.ஆர். (மனிதவள) துறைக்கு ஓய்வில்லை. சம்பளச் சீட்டை மாற்றி அமைக்கிறார்கள், நியமனக் கடிதத்தைப் புதிதாக அடிக்கிறார்கள். அடிப்படைச் சம்பளம் (பேசிக்) மொத்தத்தில் பாதி ஆனால் கையில் வருவது குறையுமா என்பதுதான் கேன்டீனில் பேச்சு. பேச வேண்டிய விஷயம்தான். ஆனால் கோவையிலும் ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஊழியர்களுக்கு எச்.ஆர். மீது இருக்கும் எரிச்சல் சம்பளச் சீட்டோடு முடிவதில்லை. யாரை வேலைக்கு எடுப்பது, எடுத்தவரை எந்த எந்திரத்தில் நிறுத்துவது, ஆண்டு முடிவில் அவருக்கு என்ன ரேட்டிங் போடுவது என்பதெல்லாம் எந்திரங்கள் ஓடும் ஷாப் ஃப்ளோருக்கு வெளியே இருக்கும் மேசையில் முடிவாகிறது. முடிவு தப்பாகப் போனால் வாடிக்கையாளர் முன் கைகட்டி நிற்பவர் புரொடக்‌ஷன் இன்சார்ஜ். அந்த மேசையை யாரும் கேட்பதில்லை.

இந்தத் துறை எதற்காக வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் ஆலைகளில் ஆள் எடுப்பது மேஸ்திரி கையில் இருந்தது. வேலை வேண்டுமானால் அவருக்குக் காசு, லீவு வேண்டுமானால் மறுபடியும் காசு. விட்லி தலைமையிலான தொழிலாளர் ஆணையம் 1931 அறிக்கையில் இந்த அதிகாரத்தை மேஸ்திரியிடமிருந்து பிடுங்கி, தொழிலாளர் அலுவலர் என்ற தனி ஆளிடம் கொடுக்கச் சொன்னது. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு, 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் கட்டாயம் என்றது. அந்த அலுவலர்தான் பிறகு பர்சனல் மேனேஜர் ஆகி, இன்று எச்.ஆர். ஆகியிருக்கிறார். மேஸ்திரியின் லஞ்சத்தை ஒழித்தது உண்மையான சாதனை. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் லஞ்சம் வாங்கினாலும் அந்த மேஸ்திரிக்கு எவனுக்குக் கைவேலை தெரியும் என்பது தெரிந்திருந்தது. அதிகாரம் கைமாறியபோது அந்த அறிவு கூடவே வரவில்லை.

ஆள் எடுப்பதைப் பாருங்கள். கணினி ஓட்டும் சிஎன்சி லேத்துக்கு, அளவு வைத்துத் தயார் செய்யும் ஒரு செட்டர் வேண்டும் என்று உற்பத்திப் பிரிவு கேட்கிறது. விளம்பரத்தில் என்ன வருகிறது? பி.இ. மெக்கானிக்கல், 60 சதவீதத்துக்கு மேல், அரியர் கூடாது, நன்றாகப் பேசத் தெரிந்திருக்க வேண்டும். எட்டு வருடம் செட்டிங் பார்த்த டிப்ளமோக்காரரின் விண்ணப்பம் மென்பொருளிலேயே கழிந்துவிடுகிறது. இப்படிக் கழிந்து போகிறவர்களில் இன்னொரு வகையும் உண்டு. பாகத்தின் வடிவத்தில் எவ்வளவு பிசகு அனுமதி என்று டிராயிங்கில் குறிக்கும் முறைக்கு, நிறுவனம் ‘ஜிடி அண்ட் டி’ என்ற சொல்லைத் தேடுகிறது. அவர் ‘ஜியோமெட்ரிக் டாலரன்சிங்’ என்று முழுதாக எழுதியிருக்கிறார். இரண்டும் ஒன்று என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

இதற்கு மாற்று ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. முக்கால் மணி நேரம், ஒரு மேசை, நான்கு கருவிகள் போதும். 40 எச்7 துளை (40 மில்லிமீட்டர் விட்டம், எச்7 என்பது அனுமதி அளவின் குறியீடு) உள்ள ஒரு பீஸையும் அதன் டிராயிங்கையும் வந்தவர் முன் வையுங்கள். பக்கத்தில் 0.02 மில்லிமீட்டருக்குக் கீழே படிக்க முடியாத (லீஸ்ட் கவுன்ட்) வெர்னியர், மைக்ரோமீட்டர், துளையின் விட்டம் அளக்கும் டயல் போர் கேஜ், அதற்குச் சைபர் வைக்கச் சரியாக 40 உள்ள ரிங் கேஜ். எச்7 என்றால் இந்த அளவில் துளை 40.000 முதல் 40.025 வரை இருக்கலாம். மொத்த அனுமதி 25 மைக்ரான், அதாவது 0.025 மில்லிமீட்டர். கையை நேரே வெர்னியருக்குக் கொண்டு போகிறவர் அனுமதியையும் கருவியின் நுணுக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்று அர்த்தம். வேலை தெரிந்தவர் முதலில் ரிங் கேஜைத் துடைப்பார், போர் கேஜை அதில் விட்டு சைபர் வைப்பார், பிறகு பீஸில் விட்டு முன்னும் பின்னும் ஆட்டி முள் திரும்பும் இடத்தைப் படிப்பார். மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை, 90 டிகிரி திருப்பி இன்னொரு முறை பார்ப்பார், வட்டம் பிசகியிருப்பதும் (ஓவல்) மேலும் கீழும் விட்டம் மாறியிருப்பதும் (டேப்பர்) தெரிய வேண்டுமே. அடுத்து ஒரே ஒரு கேள்வி: “போரிங் முடிந்து துளை 39.990 வந்திருக்கிறது, ஆஃப்செட்டில் என்ன போடுவீர்கள்?” வெட்டும் கருவியின் இடத்தை விட்டக் கணக்கில் திருத்தும் எக்ஸ் வேர் ஆஃப்செட்டில் பிளஸ் 0.02 என்று சொன்னால் 40.010 வரும், சரி. மைனஸ் என்று சொன்னால், முதல் ஷிஃப்டிலேயே துளை இன்னும் சிறிதாகும் என்று அங்கேயே தெரிந்துவிடும். பி.இ.யா டிப்ளமோவா என்பதை இதற்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தச் சோதனையை நடத்தித் தாளில் மதிப்பெண் போட வேண்டியவர் டூல் ரூம் அல்லது மெஷின் ஷாப் பொறுப்பாளர். எச்.ஆர். சரிபார்க்க வேண்டியவை வேறு இருக்கின்றன: சான்றிதழ் உண்மையா, முந்தைய நிறுவனத்தில் பி.எஃப். கணக்கு என்ன சொல்கிறது, மருத்துவப் பரிசோதனை, சம்பளம். இந்தப் பிரிவினை பல ஊர்களில் தாளில் இருக்கிறது. நடப்பில் டெக்னிக்கல் ரவுண்டுக்கு வரும்போதே பத்து பேர் ஐந்தாகக் கழிந்திருப்பார்கள். பொறுப்பாளர் மிஞ்சியவர்களில் ஒருவரைச் சுட்டிக்காட்ட வேண்டியதுதான். கழிக்கப்பட்டவர்களின் பட்டியலையும் காரணத்தையும் அவருக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு விதி இருந்தாலே பாதிக் குறை தீரும்.

அடுத்தது இடமாற்றம். பணம் கண்ணுக்குத் தெரிந்து கரைவது இங்கேதான்.

ஆட்டோ உதிரிபாகம் செய்கிறவர்களுக்கு ஐஏடிஎஃப் 16949 தரச்சான்று இல்லாமல் பெரும்பாலும் ஆர்டர் கிடைக்காது. அதில் 7.2.2 பிரிவு, தரத்தைப் பாதிக்கும் இடத்துக்குப் புதிதாக வருகிற, அல்லது மாற்றி வேலை கொடுக்கப்படுகிற எவருக்கும் அங்கேயே பயிற்சி தர வேண்டும் என்கிறது. கான்ட்ராக்ட் ஆட்களும் இதில் அடக்கம் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. இதற்காகத்தான் ஒவ்வொரு லைனிலும் ஸ்கில் மேட்ரிக்ஸ் தொங்குகிறது: பெயருக்கு நேராக நான்கு கால்களாகப் பிரித்த வட்டம், ஒரு கால் நிரம்பினால் பழகுகிறார், மூன்று நிரம்பினால் தனியாக ஓட்டலாம், நான்கும் நிரம்பினால் பிறருக்குச் சொல்லித் தரலாம். கிரிட்டிக்கல் ஸ்டேஷனில் மூன்றுக்குக் கீழே உள்ளவரை நிறுத்தக் கூடாது. இப்போது எச்.ஆர். மூன்று பேரை இந்த யூனிட்டிலிருந்து அந்த யூனிட்டுக்கு மாற்றி ஒரு மெயில் போடுகிறது. குவாலிட்டிக்கு நகல் போவதில்லை. ஆள் மாறியது 4எம் (ஆள், எந்திரம், பொருள், முறை) மாற்றப் பதிவேட்டில் ஏறுவதில்லை, மாறிய பிறகான முதல் பீஸுக்கு அப்ரூவல் எடுப்பதில்லை. ஆடிட்டுக்கு முந்தின நாள் இரவு ஒருவர் கறுப்பு மார்க்கரோடு வந்து வட்டங்களை நிரப்பிவிட்டுப் போகிறார். மை காயாத வட்டத்தைப் பார்த்தாலே அனுபவமுள்ள ஆடிட்டருக்குப் புரிந்துவிடும். அவர் போர்டை விட்டுவிட்டு ஆபரேட்டரிடம் போய், “இந்த அளவு ஏன் முக்கியம்?” என்று கேட்பார். அங்கே மாட்டிக்கொள்வது இன்சார்ஜ்தான்.

வெல்டிங்கில் இது இன்னும் கெட்டியான கணக்கு. திருச்சி வட்டாரத்தில் பாய்லர் பாகம் செய்யும் பட்டறைகளுக்கு இது நன்றாகத் தெரியும். அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏஎஸ்எம்இ) பாய்லர் விதித்தொகுப்பின் 9ஆம் பிரிவின்படி ஒரு வெல்டர் தகுதி பெற்ற முறையில் ஆறு மாதம் வெல்டு செய்யாமல் இருந்தால் அவரது தகுதி காலாவதி ஆகிறது. 6ஜி நிலையில் (சாய்த்து நிறுத்திய குழாயில்) டிக் வெல்டு (டங்ஸ்டன் முனையால் செய்வது) தேறிய ஒருவரை, ஆள் குறைவு என்று அசெம்பிளிக்கு மாற்றி ஆறு மாதம் விட்டால் போச்சு. திரும்பச் சோதனைத் துண்டு வெல்டு செய்து, எக்ஸ்ரே அல்லது பெண்ட் டெஸ்ட் எடுத்து, தேறினால்தான் அவர் கை மறுபடியும் அந்த வேலையில் படலாம். இதைத் தவிர்க்க ஆகும் செலவு சைபர். அந்த முறையில் அவர் எந்தத் தேதியில் என்ன ஜாயின்ட் போட்டார் என்று வெல்டிங் பொறியாளர் ஒரு பதிவேடு வைத்திருப்பார். ஐந்தாம் மாதத்தில் ஒரு ஜாயின்ட் கொடுத்தால் தகுதி தொடரும். இடமாற்ற ஆணையில் அந்தப் பொறியாளரின் கையெழுத்துக்கு ஒரு கட்டம் இருந்தால் அவர் தேதியைப் பார்த்துச் சொல்லிவிடுவார். அந்தக் கட்டம்தான் படிவத்தில் இல்லை.

கான்ட்ராக்ட், டிரெய்னி விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் இருக்கிறது: 24 காலண்டர் மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும். இந்த 480ஐத் தொடாமல் ஆளை மாற்றுவது பல இடங்களில் எச்.ஆர். துறையின் முக்கியத் திறமையாகவே மதிக்கப்படுகிறது. அப்ரென்டிஸ் சட்டப்படி பயிற்சியில் இருப்பவர் தொழிலாளியே அல்ல என்பதால் அந்த வழியும் திறந்திருக்கிறது. சட்டம், நியாயம் பேசுவதை ஒரு பக்கம் வைத்துவிட்டு வெறும் உற்பத்திக் கணக்காகவே பாருங்கள். பவர் பிரஸ்ஸில் டை (அச்சு) செட்டிங் கற்றுக்கொண்டு, ஷட் ஹைட் (பிரஸ் மூடும்போது உள்ள உயரம்) தானே வைத்து, பர் (ஓரப் பிசிறு) வருவதைச் சத்தத்திலேயே கண்டுபிடிக்கும் நிலைக்கு ஒருவர் வரும்போது அவருடைய கான்ட்ராக்ட் முடிகிறது. அடுத்தவர் வருகிறார், மறுபடி ஸ்கிராப் ஏறுகிறது. அந்த ஸ்கிராப் எச்.ஆர். பட்ஜெட்டில் விழுவதில்லை, புரொடக்‌ஷன் கணக்கில் விழுகிறது. அங்கே மிச்சப்படுத்தியதாகக் காட்டிய தொகை இங்கே இரட்டிப்பாகப் போனாலும் இரண்டையும் ஒரே தாளில் யாரும் எழுதிப் பார்ப்பதில்லை. பிரஸ்ஸில் புதுக் கை என்றால் ஸ்கிராப் மட்டும் போவதில்லை, விரலும் போகும்.

அப்ரைசல் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம். பெல் கர்வ் என்கிறார்கள். நூற்றுக்குப் பத்து பேர் மேலே, பத்து பேர் கீழே, மற்றவர் நடுவே. ஏழு பேர் உள்ள மெயின்டனன்ஸ் பிரிவில் பத்து சதவீதம் என்றால் 0.7 ஆள். அதை ஒன்றாக்கி, “ஒருவரையாவது கீழே போடுங்கள்” என்று பொறுப்பாளருக்கு ஃபோன் வருகிறது. அந்த மணி வளைவு, தேர்ந்தெடுக்காமல் வாரி எடுத்த பெரும் கூட்டத்துக்குப் பொருந்துவது. இன்டர்வியூ வைத்துக் கழித்து எடுத்த ஏழு பேருக்கு அதைப் போடுவது, அளவு சரிபார்க்கும் கோ கேஜில் தேறி வந்த பீஸ்களிலேயே பத்து சதவீதத்தை ரிஜெக்ட் செய்யச் சொல்வது போல. ஆண்டுக்குப் பத்து சதவீதத்தைக் கழிக்கும் வழக்கத்தைப் பிரபலமாக்கியது ஜெனரல் எலக்ட்ரிக், ஜாக் வெல்ச் காலத்தில். அந்த நிறுவனமே பின்னாளில் அதை விட்டுவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2013இல் கைவிட்டது. நம் ஊர் பவுண்டரிகளிலும் பம்ப் கம்பெனிகளிலும் இன்னும் புதுமையாக நடக்கிறது.

அதைவிடக் கெடுதல், எதை அளக்கிறோம் என்பது. ஹைட்ராலிக் ஃபில்டரைத் தேதி தவறாமல் மாற்றுகிறவர், ஸ்பிண்டில் பெல்ட் அறும் முன் மாற்றுகிறவர், லூப் ஆயில் அளவை ஒவ்வொரு ஷிஃப்டும் பார்க்கிறவர் ஆகியோரின் எந்திரம் நிற்பதில்லை. நிற்காததால் படிவத்தில் எழுத ஒன்றும் இல்லை. இன்னொருவர் எந்திரம் மாதம் இருமுறை நிற்கிறது, நள்ளிரவில் வந்து ஓட்டிக் கொடுக்கிறார், ‘சிறப்பு முயற்சி’ என்று நிர்வாகக் குழு முன் பெயர் வாசிக்கப்படுகிறது. இரண்டு பிரேக்டவுனுக்கு இடைப்பட்ட சராசரி நேரம், திட்டமிட்ட பராமரிப்பில் எத்தனை சதவீதம் முடிந்தது என்ற இரண்டு எண்ணை எந்திர வாரியாக எடுத்தால் படம் தலைகீழாகும். இந்த எண்கள் மெயின்டனன்ஸ் லாக் புத்தகத்திலேயே இருக்கின்றன. எச்.ஆர். படிவம் கேட்பது எத்தனை மணி நேரம் டிரெய்னிங், எத்தனை கைசன் (சிறு மேம்பாட்டு யோசனை), ‘டீம் ஸ்பிரிட்’ ஐந்துக்கு எத்தனை. வருகைப் பதிவும் இதே கதைதான்: மூன்று நாள் ஒன்பது மணி தாண்டினால் அரை நாள் லீவு தானாகக் கழியும், டை டிரையலுக்காக இரவு பதினொன்று வரை நின்றது ஸ்டாஃபுக்கு ஓ.டி. கிடையாது என்பதால் எங்கேயும் ஏறாது.

முறையிடலாமே என்பீர்கள். தொழில் உறவுகள் தொகுப்பு, 20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் குறைதீர் குழு வைக்கச் சொல்கிறது. அதிகபட்சம் பத்து பேர், இரு தரப்பும் சமம், தலைவர் பதவி ஆண்டுக்கு ஒரு தரப்பு. பிரச்சினை எழுந்த ஓராண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும், குழு 30 நாளில் முடிக்க வேண்டும். ஆனால் மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் இந்தச் சட்டப்படி தொழிலாளி அல்ல. இங்கேதான் பதவிப் பெயர் விளையாடுகிறது. நாள் முழுக்கக் கணினியில் கேட் (CAD) டிராயிங் போடுகிறவருக்கு ‘அசிஸ்டென்ட் மேனேஜர் - டிசைன்’ என்று கார்டு அடித்துக் கொடுக்கிறார்கள். கீழே ஒரு ஆள் கிடையாது, லீவு கையெழுத்துப் போடும் அதிகாரம் கிடையாது. நீதிமன்றங்கள் கார்டில் உள்ள பெயரைப் பார்ப்பதில்லை, செய்யும் முதன்மையான வேலையைத்தான் பார்க்கின்றன. தொழில்நுட்ப வேலை செய்பவருக்கு அந்த 18,000 வரம்பும் கிடையாது. எனவே பொறியாளர்கள் தாங்கள் செய்யும் வேலையின் பட்டியலை நியமனக் கடிதத்தோடு எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். கொடுக்காவிட்டால் மெயிலில் தாங்களே எழுதி அனுப்பிச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். மறுப்பு வராத மெயில் பின்னால் உதவும்.

வேலையை விடும்போதுதான் பலருக்கு எச்.ஆர். யாரென்றே தெரிகிறது. நோட்டீஸ் 90 நாள், ரிலீவிங் லெட்டர் கிடைக்க மேலும் 45 நாள், ஃபுல் அண்ட் ஃபைனல் அதற்கும் பிறகு. ஊதியத் தொகுப்பின் 17ஆம் பிரிவு, ராஜினாமா செய்தவருக்கும் நீக்கப்பட்டவருக்கும் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாளில் தரச் சொல்கிறது. இது மேலாளருக்கும் பொருந்தும். ராஜினாமாவை மெயிலில் கொடுங்கள், கடைசி நாளை அதிலேயே குறிப்பிடுங்கள், ஒப்படைத்த டிராயிங், கருவி, லேப்டாப் பட்டியலில் துறைத் தலைவரின் கையெழுத்து வாங்குங்கள். நோட்டீஸ் முடியும்வரை வேலை செய்தே ஆக வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் கட்டளையிடாது. குறைந்த நாளுக்குப் பணம்தான் கேட்க முடியும். பி.எஃப். கணக்கில் விலகிய தேதியை நிறுவனம் போடாவிட்டால், கடைசிப் பங்களிப்பு முடிந்து இரண்டு மாதம் கழித்து ஆதார் ஓடிபி மூலம் நீங்களே போடலாம். அசல் சான்றிதழை எக்காரணம் கொண்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்டுவேன் என்று எழுதித் தரும் பாண்ட் பற்றி ஒரு வார்த்தை. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2 லட்ச ரூபாய் பாண்ட் செல்லும் என்று சொன்னதை இப்போது எல்லா எச்.ஆர். துறையும் மேற்கோள் காட்டுகிறது. பொதுத்துறை வங்கி விளம்பரம் கொடுத்துத் தேர்வு வைத்து ஆள் எடுக்கும் செலவையும் நேரத்தையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. மூன்று நாள் இண்டக்‌ஷனும் ஒரு ஜோடி சேஃப்டி ஷூவும் கொடுத்துவிட்டு அதே தொகையை எழுதி வாங்குகிறவர்கள், இழப்பு என்ன என்று ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின் கீழ் விளக்க வேண்டியிருக்கும்.

எல்லாப் பழியும் எச்.ஆர். தலையில் போட முடியாது என்பதும் தெரியும். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? ஆள் குறை, செலவு குறை என்று சொல்வது நிர்வாக இயக்குநர்; கெட்ட பெயர் வாங்க எச்.ஆர். மேனேஜர். இ.எஸ்.ஐ., பி.எஃப்., கேன்டீன், பஸ், பெண்கள் பாதுகாப்புக்கான உள்ளகக் குழு ஆகியவற்றை ஒழுங்காக நடத்தும் துறை இல்லாமல் ஒரு ஆலை ஒரு மாதம்கூட ஓடாது. பல எச்.ஆர். இளைஞர்கள் தங்கள் கையெழுத்தில் போகும் கடிதத்தைத் தாங்களே எழுதுவதில்லை.

அதனால்தான் நிர்வாகங்களிடம் கேட்கிறேன். இடமாற்ற ஆணை, கான்ட்ராக்ட் முடிப்பு, இறுதி ரேட்டிங் ஆகிய படிவங்களில் சம்பந்தப்பட்ட எந்திரத்துக்குப் பொறுப்பானவரின் கையெழுத்துக் கட்டம் ஒன்றைச் சேருங்கள். அவர் மறுத்தால் காரணம் எழுத ஒரு வரி விடுங்கள். அதை மீறி முடிவெடுப்பவர் தன் பெயரில் கையெழுத்துப் போடட்டும். மாதாந்திரக் கூட்டத்தில் ஸ்கிராப் அறிக்கையும் ஆள் மாற்ற அறிக்கையும் ஒரே தாளில் வரட்டும். தொழிலாளர் துறை அதிகாரிகள் ஆய்வுக்குப் போகும்போது குறைதீர் குழு உறுப்பினர் பெயர்ப் பலகையையும், கடைசிக் கூட்டத்தின் மினிட்ஸ் புத்தகத்தையும் கேட்டுப் பார்க்கட்டும். அந்தக் குழுவைப் பொறியாளர்களுக்கும் திறந்துவிட விரும்பும் நிறுவனத்தைச் சட்டம் எங்கும் தடுக்கவில்லை.

இப்படிக்கு,
உற்பத்திப் பொறியாளர்,
கோயம்புத்தூர்.
(பெயர் வெளியிட வேண்டாம்)